எடுத்த இடத்தில் பிள்ளையே வைக்கும்படி: வீட்டில் சிறுவர் புத்தகங்களை அடுக்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல நூலகங்களில் வாசகர் மேசைக்கு அருகே ஓர் அறிவிப்பைக் காணலாம்: படித்து முடித்த நூல்களை அடுக்கில் வைக்க வேண்டாம், மேசையின் மேலேயே விட்டுச் செல்லவும். பட்டம் பெற்ற பெரியவர்களே நூலைத் தவறான இடத்தில் செருகிவிடுவார்கள் என்பதும், இடம் மாறிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம் என்பதும் நூலகர்களுக்குத் தெரியும். ஆகவே திரும்ப அடுக்கும் வேலையை அவர்கள் வாசகரிடம் விடுவதில்லை. நாமோ வீட்டில், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளையிடம் "எடுத்த இடத்தில் வை" என்று நாளுக்குப் பத்து முறை சொல்லிவிட்டு, அது நடக்கவில்லையே என்று சலித்துக்கொள்கிறோம். எடுத்த இடம் எது என்பது நமக்குத் தெரிகிறது, பிள்ளைக்குத் தெரிவதில்லை.

பெரியவர்களின் அலமாரி தேடுபவருக்காக அமைக்கப்படுவது. பிள்ளைகளின் அலமாரி திரும்ப வைப்பவருக்காக அமைக்கப்பட வேண்டும். நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை கொண்ட எங்கள் வீட்டில், எட்டு வயது மகளையும் நான்கு வயது மகனையும் வைத்துக்கொண்டு ஐந்தாண்டுகளாக நான் செய்து பார்த்த மாற்றங்கள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வந்தன. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு நேராகப் புதிய அலமாரி வாங்கச் சென்றவர்களின் வீட்டில், ஆறு மாதத்தில் அந்த அலமாரியில் துணி மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: எல்லாவற்றையும் தரையில் பரப்புதல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென ஒதுக்குங்கள். கூடத்தில் பாயோ பழைய போர்வையோ விரித்து, கட்டிலுக்கு அடியில், தொலைக்காட்சி மேசையின் பின்னால், பள்ளிப் பையில், காரின் பின்னிருக்கையில் என்று கிடக்கும் சிறுவர் புத்தகங்கள் அத்தனையையும் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறந்தநாள் பரிசு, உறவினர் கொடுத்தது, பள்ளிப் போட்டியில் வென்றது, புத்தகக் காட்சியில் வாங்கியது என்று சேர்ந்துகொண்டே வந்திருக்கும். எங்கள் வீட்டில் அறுபது இருக்கும் என்று நினைத்து எண்ணத் தொடங்கினோம், இருநூற்றைத் தாண்டியது.

பிறகு குவியல்களாகப் பிரிக்க வேண்டும். இப்போது பிள்ளை விரும்பிப் படிப்பவை அல்லது படிக்கச் சொல்லிக் கேட்பவை ஒரு குவியல். வயதைக் கடந்துவிட்டவை மற்றொன்று. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் பயன்படும் என்பவை வேறொன்று. கிழிந்தும் பிய்ந்தும் இருப்பவை தனியே. பள்ளிப் பாடநூல்களையும் நோட்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றுக்கு வேறு இடமும் வேறு ஒழுங்கும் வேண்டும். கதைப் புத்தகத்தோடு கணக்குப் பயிற்சி நூலும் ஒரே தட்டில் இருந்தால், கதைப் புத்தகத்தைக் கையில் எடுப்பதும் வீட்டுப்பாடம் போலத் தோன்றத் தொடங்கும் என்பது என் கருத்து.

இந்தப் பிரிப்பில் பிள்ளையும் உடன் இருக்க வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். இருக்க வேண்டும், ஆனால் முழு நேரமும் வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளையின் பொறுமை அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதன் பிறகு ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து வைத்து உட்கார்ந்துகொள்ளும். முதல் சுற்றைப் பெரியவர் செய்துவிட்டு, ஐயமான பத்துப் பதினைந்து நூல்களை மட்டும் பிள்ளையிடம் கேட்பது போதும். வயதைக் கடந்துவிட்டது என்று நாம் நினைக்கும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைப் பிள்ளை விடாமல் பற்றிக்கொண்டால் விட்டுவிடுங்கள். அதற்கு அது புத்தகம் மட்டுமல்ல.

இரண்டாம் படி: எத்தனை வெளியே இருக்கலாம் என்று முடிவு செய்தல்

ஒரு பிள்ளைக்கு முப்பது முதல் நாற்பது புத்தகங்கள் வெளியே இருந்தால் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பதினைந்து கூடப் போதுமானது. மீதி உள்ளவற்றைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடலாம்.

இந்த எண் இடப்பற்றாக்குறையால் வந்ததன்று. 24 பக்கப் படக்கதைப் புத்தகம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். நாற்பது புத்தகங்களை அடுக்கினாலும் ஒரு சாண் உயரம் வராது. ஆகவே அலமாரியின் ஒரே தட்டில் இருநூறு புத்தகங்களை அடைத்துவிட முடியும், நாமும் அப்படித்தான் அடைக்கிறோம். ஆனால் அப்படி இறுக அடைத்த வரிசையிலிருந்து ஒன்றை உருவினால் கூடவே நான்கு விழும். உருவியதைத் திரும்பச் செருகவோ இரண்டு கைகள் வேண்டும், ஒன்று இடைவெளியை விரிக்க, மற்றொன்று நுழைக்க. பெரியவர்களுக்கே எரிச்சல் தரும் அந்த வேலையைச் சின்ன விரல்களால் செய்ய இயலாது. வரம்பை நிர்ணயிப்பது சுவர் அன்று, பிள்ளையின் கை.

பரணில் இருப்பவற்றை ஆறு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து என மாற்றிக் கொண்டுவரலாம். இரண்டு மாதம் கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பி வரும் புத்தகத்தைப் பிள்ளைகள் புதிதாக வாங்கியதைப் போலவே வரவேற்கிறார்கள். பெட்டியின் வெளியே உள்ளிருக்கும் புத்தகங்களின் பட்டியலை ஒட்டிவைக்க மறக்காதீர்கள். "அந்த யானைப் புத்தகம் எங்கே?" என்று இரவு ஒன்பது மணிக்குக் கேள்வி வரும்போது ஏணி போட்டு நான்கு பெட்டிகளை இறக்குவதைவிட, ஒரு பெட்டியை இறக்குவது எளிது.

மூன்றாம் படி: அலமாரியா, தட்டுக்கூடையா

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அலமாரி என்றாலே முதுகு வெளியே தெரியும்படி நிற்க வைத்த புத்தக வரிசைதான் நம் மனத்தில் வருகிறது. ஆனால் தமிழில் கிடைக்கும் சிறுவர் படக்கதைகளில் பெரும்பகுதி, நடுவில் இரண்டு பின் அடித்து மடித்த மெல்லிய நூல்கள். அவற்றுக்கு முதுகே கிடையாது. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், சென்னையில் இயங்கும் தூலிகா ஆகியோரின் படக்கதைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள்; ஒன்று சதுரம், ஒன்று அகலவாக்கில் நீளம், மற்றொன்று உள்ளங்கை அளவு. இவற்றை நிற்க வைத்தால் சின்னது பெரியதின் பின்னே ஒளிந்துகொள்ளும், மெல்லியது வளைந்து சரியும். தலைப்பு தெரியாது; தெரிந்தாலும் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதனால் பயனில்லை. பிள்ளை புத்தகத்தை அடையாளம் காண்பது முன்னட்டைப் படத்தால்தான்.

ஆகவே ஆறேழு வயது வரையிலான பிள்ளைகளின் புத்தகங்களை மேல்பக்கம் திறந்த தட்டுக்கூடையில், முன்னட்டை பிள்ளையைப் பார்த்திருக்கும்படி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைப்பதே சிறந்தது. பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகைக் கடைக்குச் சென்றவர்கள் மாதிரி அட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்திருப்பார்கள் அல்லவா, அதே முறைதான். எடுப்பதற்கு ஒரு கை போதும். வைப்பதற்கு எந்த இடைவெளியும் தேட வேண்டாம், முன்னால் நிறுத்தினால் போதும். கூடைக்குள் வரிசை முக்கியமில்லை. சரியான கூடையில் இருக்கிறதா என்பது மட்டுமே கணக்கு.

கூடை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் கொண்டிருந்தால் பெரிய படக்கதைகளும் நிற்கும். பக்கச்சுவர் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் சிறிய புத்தகங்கள் உள்ளே மூழ்கிவிடும். அதற்குக் குறைந்தால் பெரியவை முன்னால் கவிழும். கூடையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. மீதி இடம் வீணாவதாகத் தோன்றும், அப்படித் தோன்றினாலும் விட்டுவிடுங்கள். புத்தகங்களைச் சாய்த்துப் புரட்ட அந்த இடம்தான் உதவுகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் கட்டுகள் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அது ஏ4 அளவுக்கென்றே செய்யப்பட்டதால் பெரும்பாலான படக்கதைகள் அதில் அளவெடுத்தது போலப் பொருந்தும். முன்பக்கத்தை மட்டும் பாதி உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பில் அகலமான டேப்பை ஒட்டினால் முதல் ஓராண்டுக்கு அதுவே போதும். முறை வீட்டுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு பிளாஸ்டிக் கூடையோ மரப்பெட்டியோ வாங்கலாம். மூங்கில் கூடை அழகாக இருக்கும், ஆனால் அதன் சிலாம்பு விரலில் ஏறும்.

சென்னையின் பழைய அடுக்ககங்களில் சுவரிலேயே கடப்பைக் கல் பதித்த அலமாரி இருக்கும். அது வலுவானது, கரையான் அரிக்காது, எத்தனை பாரம் வைத்தாலும் வளையாது. ஆனால் ஆழம் அதிகம் என்பதால் நாம் இரண்டு வரிசையாக அடுக்கிவிடுவோம், பின்வரிசை அத்தோடு மறக்கப்பட்டுவிடும். அதன் கீழ்த்தட்டுகளில் மேலே சொன்ன கூடைகளை இழுப்பறை போல வைத்தால் இந்தக் குறை தீரும். பிள்ளை கூடையை முழுதாக வெளியே இழுத்துப் புரட்டிவிட்டு உள்ளே தள்ளலாம். கல்லின் முன்விளிம்பு சில வீடுகளில் மழுக்கப்படாமல் கூராக இருக்கும், அங்கே ரப்பர் பட்டை ஒட்டுவது அவசியம்.

எட்டு வயதைத் தாண்டி, முதுகுள்ள தடித்த கதைநூல்களைத் தானே படிக்கும் பிள்ளைக்கு வழக்கமான அலமாரி வரிசை பொருந்தும். அங்கேயும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை நுழையும் அளவு காலியிடம் வேண்டும். வரிசை சரியாமல் இருக்கத் துணி சுற்றிய செங்கல் ஒன்று போதும். கடையில் விற்கும் இரும்புத் தாங்கிகளைவிட அது நன்றாக நிற்கிறது.

நான்காம் படி: பிள்ளையின் வாயிலிருந்து வரும் வகைகள்

நூல்களை வகைப்படுத்துவதில் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், உலக நூலகவியலில் இன்றும் பேசப்படும் கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் பகுப்பு முறைகள் அனைத்தையும் தள்ளிவைத்துவிடலாம். அறிவியல், வரலாறு, புனைவு என்ற பிரிவுகள் பிள்ளையின் மனத்தில் இல்லை.

வகைகளை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பத்துப் புத்தகங்களைப் பிள்ளையின் முன் வைத்து, "ஒன்றோடொன்று சேர்ந்து இருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளை சேர்த்த பிறகு, ஒவ்வொரு குவியலுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். அந்தப் பெயர்தான் வகை. எங்கள் வீட்டில் என் மகன் வைத்த பெயர்கள் வண்டி, மிருகம், சாமி, சிரிப்பு, பிறகு "பாட்டி படிக்கிறது". கடைசி வகையில் பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்ட கதைகள் அனைத்தும் அடக்கம். அவற்றில் தவளைக் கதையும் உண்டு, அரசன் கதையும் உண்டு. மிருகக் கூடையில் இருக்க வேண்டிய தவளை அங்கே ஏன் இருக்கிறது என்று நான் வாதாடியிருக்கலாம். ஆனால் அவனால் அதைத் தவறாமல் திரும்ப வைக்க முடிகிறது, எனவே அது சரியான வகைதான்.

வகைகள் ஐந்து அல்லது ஆறுக்கு மேல் போக வேண்டாம். ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை இரண்டு கூடைகளுக்கு நடுவே நின்று யோசித்தால், அந்த இரண்டு கூடைகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. தமிழ் தனியாக, ஆங்கிலம் தனியாக என்று பிரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே நூலில் இரண்டு மொழியும் அச்சான இருமொழிப் பதிப்புகள் பல உள்ளதால் அந்தப் பிரிவு முதல் நாளே குழம்பும். அதைவிட முக்கியம், மொழிவாரியாகப் பிரித்த வீடுகளில் ஆங்கிலக் கூடை முன்னுக்கும் தமிழ்க் கூடை மூலைக்கும் போய்விடுவதைப் பார்க்கிறேன். புலியைத் தேடும் பிள்ளைக்கு இரண்டு மொழிப் புலியும் ஒரே கூடையில் கிடைக்கட்டும்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பாகுபாடு ஒன்று தேவை: கிழியக்கூடியது, கிழியாதது. அக்காவின் மடிப்புப் படங்களும் மெல்லிய தாள்களும் உள்ள நூல்கள் தம்பியின் கைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும். மற்றபடி "உன்னுடையது, அவனுடையது" என்று பிரித்தால் அடுக்கும் நேரம் வழக்காடும் நேரமாகிவிடும்.

ஐந்தாம் படி: பொட்டு வைத்தல்

இப்போது ஒவ்வொரு கூடைக்கும் ஓர் அடையாளம், அதே அடையாளம் அந்தக் கூடையின் ஒவ்வொரு புத்தகத்திலும். இதற்கு மிகப் பொருத்தமான பொருள் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஸ்டிக்கர் பொட்டு. பல வண்ணங்களில், பல வடிவங்களில், சின்ன அட்டையில் பத்துப் பதினைந்தாக வருகிறது. பிள்ளையின் விரலாலேயே உரித்து ஒட்ட முடிகிறது. வண்ணத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: வண்டிக்குச் சிவப்பு வட்டம், மிருகத்துக்குப் பச்சைத் திலகம், சிரிப்புக்கு மஞ்சள் பிறை. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளில் சிலருக்கு, சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தித் தெரியாது. வீட்டில் யாருக்கும் அது தெரியாமலே பல ஆண்டுகள் போய்விடுவதுண்டு. வடிவமும் மாறியிருந்தால் அந்தப் பிள்ளைக்கும் சிக்கலில்லை.

பொட்டை முன்னட்டையின் இடது மேல்மூலையில், எல்லாப் புத்தகத்திலும் ஒரே இடத்தில் ஒட்டுங்கள். கூடையில் நிற்கும்போது அந்த மூலைதான் வெளியே தெரியும். பொட்டின் பசை வியர்வைக் கையில் சில வாரங்களில் விட்டுவிடும், ஆகவே மேலே அகலமான கண்ணாடி டேப்பைச் சிறு துண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். கூடையின் முன்பக்கத்தில் அதே பொட்டைப் பெரிதாக வரைந்த அட்டையையும், அதன் அருகே பிள்ளையே வரைந்த படத்தையும் ஒட்டலாம். என் மகன் வரைந்த வண்டி முட்டைகோஸ் போல இருக்கிறது. அவனுக்கு அது வண்டிதான், கூடைக்கு வழிகாட்ட அவ்வளவு போதும்.

நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய நூலில் பொட்டு ஒட்டக் கூடாது. கதவருகே ஒரு துணிப்பையை மாட்டி, இரவல் நூல்கள் அந்தப் பையைவிட்டு வேறெங்கும் தங்கக் கூடாது என்று வழக்கப்படுத்திவிட்டால் தவணை தாண்டும் சிக்கலும் குறையும்.

ஆறாம் படி: இடமும் பாதுகாப்பும்

படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கூடைகள் இருக்க வேண்டும். பிள்ளைகளின் அறை என்று ஒன்று இருந்தாலும், சென்னை வீடுகளில் பிள்ளைகள் படிப்பதும் விளையாடுவதும் பெரும்பாலும் கூடத்து மின்விசிறிக்கு அடியில்தான். கூடத்தில் படித்த புத்தகத்தை உள்ளறைக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னால் அது சோபாவின் கீழ்தான் சேரும். இரண்டு கூடையாவது கூடத்திலும், தூங்கும் நேரக் கதைகளுக்கு ஒன்று கட்டிலருகிலும் இருக்கட்டும்.

மூன்று வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் 95 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கூடையின் மேல்விளிம்பு அதன் மார்புக்கு மேல் போகக் கூடாது. அதாவது தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் தட்டுகள் உள்ள எந்த அலமாரியிலும் பிள்ளை ஒரு நாள் ஏறியே தீரும். ஆகவே தனியாக நிற்கும் அலமாரியை எல் வடிவப் பட்டையும் திருகும் கொண்டு சுவரோடு பிணைக்காமல் பயன்படுத்த வேண்டாம். சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், உயரமான அலமாரியையே தவிர்த்துத் தரையில் கூடைகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். நவராத்திரிக்கு வாங்கிய இரும்புக் கொலுப்படி ஆண்டில் பதினோரு மாதம் மடங்கிக் கிடப்பதால், அதன் கீழ் இரண்டு படிகளைப் புத்தகத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கீழிரண்டு படிகளை மட்டும் தனியே பொருத்த முடிந்தால் தாராளமாக. முழு உயரத்துக்கு நிறுத்தினால் அது ஏணியாகிவிடும்.

மேற்கு பார்த்த சன்னல் வெயிலும், குளியலறைச் சுவரும், ஏசியிலிருந்து நீர் சொட்டும் மூலையும் புத்தகத்துக்கு ஆகாத இடங்கள்.

ஏழாம் படி: பழக்குதல்

கூடைகள் தயாரான அன்றே பிள்ளை எல்லாவற்றையும் சரியாக வைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் வாரம் ஒரே ஒரு கூடையை மட்டும் பழக்குங்கள், பிள்ளைக்கு மிகப் பிடித்த வகையாக இருக்கட்டும். மற்றவற்றைப் பெரியவரே வைத்துவிடலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு கூடையைச் சேர்த்துக்கொண்டு போனால் ஒன்றரை மாதத்தில் முழு முறையும் கைக்கு வந்துவிடும்.

நேரம் நிலையாக இருப்பது உதவும். இரவு உணவுக்குத் தட்டு வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் என்பது எங்கள் வழக்கம். தூங்கும் நேரத்தில் அடுக்கச் சொன்னால் களைப்பும் அழுகையும்தான் மிஞ்சும். சொல்லும் முறையும் முக்கியம். "எல்லாவற்றையும் அடுக்கு" என்ற சொல் சிறு பிள்ளைக்கு ஒரு மலையாகத் தெரியும்; "பிறைப் பொட்டு எத்தனை கிடக்கிறது பார்" என்றால் அது தேடுவதற்கு ஓடும். எங்கள் வீட்டில் இதை என் மாமியாரே தொடங்கி வைத்தார். தினமும் மாலையில் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "கண்ணு, இவங்க வீடு எது? பாட்டிக்குத் தெரியலையே" என்பார். "பாட்டி, பச்சைப் பொட்டு பாருங்க, மிருக வீடு!" என்று பேரன் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். பாட்டிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்ற பெருமையில் பத்துப் புத்தகமும் வீடு சேர்ந்துவிடும்.

எவ்வளவு பழக்கினாலும் காய்ச்சல் நாட்களும், விருந்தினர் நாட்களும், மே மாத விடுமுறையில் அத்தை பிள்ளைகளும் பெரியம்மா பிள்ளைகளும் வந்திறங்கும் நாட்களும் வரும். அதற்காகப் பொட்டு ஏதுமில்லாத பொதுக்கூடை ஒன்றைத் தனியே வையுங்கள். வகை பார்க்க நேரமில்லை என்றால் புத்தகம் அதற்குள் விழட்டும். நூலகத்தில் மேசையின் மேல் விட்டுச் செல்லும் நூல்களுக்கு இணையானது இது. தரையில் மிதிபடாமல் இருந்தால் அன்றைக்கு அது வெற்றியே. சனிக்கிழமை காலையில் அந்தக் கூடையைக் கவிழ்த்துப் பொட்டு பார்த்துப் பிரித்துவிடலாம். இந்தக் கூடை இல்லாமல் நான் தொடங்கிய முதல் முயற்சி மூன்றே வாரத்தில் குலைந்தது. ஒரு நாள் தவறியதும் மொத்தமும் தவறியதாகப் பிள்ளைகள் மட்டுமல்ல, நானும் கைவிட்டுவிட்டேன்.

குறும்பு செய்ததற்குத் தண்டனையாகப் புத்தகம் அடுக்கச் சொல்வதை மட்டும் எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

எட்டாம் படி: ஈரமும் பூச்சியும்

கடலோர ஊரில் புத்தகம் வைத்திருப்பதற்கென்று சில வேலைகள் உண்டு. மெல்லிய படக்கதைகளின் நடுவே அடித்த பின் ஈரக் காற்றில் துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறையை உண்டாக்கி, கடைசியில் நடுத்தாள் கழன்றுவிடும். துரு தெரிந்தவுடன் பின்னைக் கழற்றிவிட்டு, அதே துளைகளின் வழியே தடித்த பருத்தி நூலால் தைத்து உட்பக்கம் முடிச்சிட்டால் அந்தப் புத்தகம் இன்னொரு பிள்ளைக்கும் வரும். ஐந்து நிமிட வேலை. கிழிந்த பக்கத்தைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மைதாப் பசையோ பூச்சிக்கு விருந்து. வெள்ளைப் பசையை நீர் சேர்க்காமல் மெல்லியதாகத் தடவி, மெல்லிய தாள் பட்டையை ஒட்டுவதே மேல்.

இராமபாணம் என்று நாம் அழைக்கும் வெள்ளி நிறப் பூச்சி, மாவுச்சத்தையும் பசையையும் தேடித்தான் புத்தகத்துக்கு வருகிறது, இருட்டும் ஈரமும் அதற்குப் பிடித்தவை. தினமும் புரட்டப்படும் கூடையில் அது குடியேறுவது அரிது. பரண் பெட்டியில்தான் குடும்பம் நடத்தும். அட்டைப்பெட்டியே அதற்கு உணவு என்பதால் பரணுக்கு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிதான் ஏற்றது. நன்கு வெயில் காய்ந்த நாளில் நிரப்பி மூடுங்கள். பழைய புத்தகக் கடையிலிருந்தோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்தோ வாங்கிய நூல்களில் பூச்சி தெரிந்தால், காற்றுப் புகாத உறையில் இட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுப் பிறகு கூடையில் சேர்க்கலாம்.

நாப்தலீன் கலந்த அந்துருண்டையைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அருகே வைக்கவே கூடாது. மிட்டாய் போன்ற அதன் தோற்றம் ஒரு காரணம். விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும் என்பதும், ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு அந்த ஆபத்து மிக அதிகம் என்பதும் மற்றொரு காரணம். ஓலைச்சுவடிகளோடு வசம்பு வைப்பது பழைய வழக்கம். பரண் பெட்டியில் துணியில் முடிந்து வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் ஆண்டுக்கு இருமுறை பெட்டியைத் திறந்து தூசி தட்டுவதற்கு அது ஈடாகாது.

தரைத்தளத்தில் வசிப்பவர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத் தாழ்வாக வைத்த கூடைகள்தான் வெள்ளத்தில் முதலில் நனைபவை. ஐப்பசி பிறந்ததும் கூடைகளை ஒரே நடையில் தூக்கி மேலே வைக்க முடிகிறதா என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். கூடைக்குக் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது அப்போது புரியும்.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கு இரண்டு முறை

மறுசீரமைப்புக்குத் தனியாக நாள் குறிக்கத் தேவையில்லை, நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கும்போது, கழன்ற பொட்டுகளை ஒட்டி, துருப்பிடித்த பின்களைக் கழற்றி, வகைகள் இன்னும் பொருந்துகின்றனவா என்று பிள்ளையிடம் கேட்டுவிடலாம். போன ஆண்டு "வண்டி" என்றிருந்த கூடை இந்த ஆண்டு எங்கள் வீட்டில் "ராக்கெட்" ஆயிற்று.

இரண்டாவது போகி. 1977இலிருந்து நடந்துவரும் சென்னை புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே வருவதால், புதிய புத்தகங்கள் பைகளாக வந்து சேரும் அதே வாரத்தில் பழையன கழிதலும் நடந்தாக வேண்டும். ஒரு புத்தகம் கூடைக்குள் வந்தால் ஒன்று பரணுக்கு ஏற வேண்டும். பரணிலிருந்து ஒன்று வீட்டைவிட்டுப் போக வேண்டும். கொடுக்கும் முன் அருகிலுள்ள கிளை நூலகத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டுவிட்டுக் கொண்டுசெல்லுங்கள், நடுத்தாள் இல்லாத புத்தகங்களை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். அவை பழைய பேப்பர் கடைக்கு உரியவை. எதைக் கொடுப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கொடுத்த மறுநாள் அதையே திரும்பக் கேட்டு அழுதால், நல்ல புத்தகம் என்றால் இன்னொரு பிரதி வாங்கிவிடுங்கள்.